மச்சான் அனுப்பும் ஹெல்மெட்

வணக்கம் அண்ணா,

கொக்குவிலில் சின்னக் கராஜ் வைத்திருக்கிறேன். வயது 27. கார் றேஸ் ஓட நெடுநாள் ஆசை. போர்ட் லேசர்–மஸ்டா 1500 பிரிவா, மகாகஸ்தோட்டை மலையேற்றமா, மண் தடத்துச் சுப்பர்குரொஸா, எதில் ஆபத்துக் குறைவு? அம்மா பயப்படுகிறா. ஹெல்மெட்டும் பெல்ட்டும் கனடாவிலிருந்து மச்சான் அனுப்புகிறார்.

க.

அன்புள்ள தம்பி,

ஒவ்வொரு காராகத் தனியே ஏறுவதால் மலையேற்றம்தான் பாதுகாப்பு என்று நானும் முன்பு நினைத்தேன். நுவரெலியாவுக்குப் போய் அந்தத் தடத்தைப் பார்த்த பிறகு அந்த நினைப்புப் போய்விட்டது. இடிக்க வேறு கார் இல்லை, சரி. ஆனால் பாதை ஒடுக்கம், ஓரத்தில் மரமும் மண்சுவரும். வளைவில் பிழைவிட்டால் விலக இடமில்லை. லேசர்–மஸ்டா ஓடும் கட்டுக்குருந்தைத் தடம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை, மட்டமான வெளி. வழுக்கினாலும் கார் தானாக வேகம் குறைய ஓரளவு இடம் கிடைக்கும். மண் தடத்தில் வேகம் குறைவுதான், கார் புரள்வது அதிகம். முன்னால் போகிறவன் கிளப்பும் புழுதியில் கண்ணும் தெரியாது.

என்னைக் கேட்டால் லேசர்–மஸ்டா. எல்லாம் ஏறக்குறைய ஒரே கார். பெரிய எஞ்சினும் சின்ன எஞ்சினும் கலந்து ஓடும்போதுதான், கண்ணாடியில் புள்ளியாய்த் தெரிந்தவன் அடுத்த வளைவில் கதவோடு வந்து நிற்பான். உதிரிப்பாகத்துக்கும் அலையத் தேவையில்லை.

காசை முதலில் எஞ்சினில் கொட்டாதீர்கள். கராஜ்காரர் என்பதால் றோல் கேஜை, அதாவது கார் புரண்டாலும் உள்ளே நசுங்காமல் காக்கும் குழாய்க் கூட்டை, நீங்களே வெல்டிங் செய்து ஒட்டப் பார்ப்பீர்கள். தண்ணீர்க் குழாயில் செய்ய வேண்டாம், பொருத்தில்லாத உருக்குக் குழாய் வேண்டும். குழாயின் காலை வெறும் தகட்டில் வைத்து ஒட்டினால், கார் புரளும்போது தரையைத் துளைத்துக்கொண்டு போகும். அடியில் தடித்த இரும்புத் தகடு வையுங்கள். அப்புறம், அந்தக் காரை ஹெல்மெட் இல்லாமல் காங்கேசன்துறை வீதியில் ஓடிக் காட்டாதீர்கள். சின்ன மோதலிலும் தலை போய் அந்தக் குழாயில்தான் அடிக்கும்.

இனி மச்சானின் பார்சல். ஹெல்மெட்டின் உள்ளே ஸ்னெல் முத்திரையைப் பாருங்கள், ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்க அமைப்பு அது. ‘எம்’ என்றிருந்தால் மோட்டார் சைக்கிளுக்கானது. காருக்கு ‘எஸ்ஏ’ வேண்டும். அதற்குத்தான் தீயைத் தாங்கும் உள்துணி. பெல்ட்டில் தைத்த முத்திரையில் காலாவதி ஆண்டோ செய்த திகதியோ இருக்கும். வெயிலில் நூல் நலிந்துவிடும், பார்வைக்குத் தெரியாது. அங்கே கழித்ததுதான் இங்கே அன்பளிப்பாக வருகிறதோ என்று ஒருமுறை கேளுங்கள்.

இன்னொன்று, கழுத்துக்கான ஹான்ஸ். தோளில் அமர்ந்து ஹெல்மெட்டைப் பட்டியால் பிடித்துவைக்கும் காப்பு அது. பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னே பாயும். மண்டையோட்டின் அடி உடைவது அப்படித்தான். ஹான்ஸை உருவாக்கியதும் ஒரு மச்சான் கூட்டணிதான். றேஸ் ஓட்டிய ஜிம் டவுனிங்கும் உயிர்ப்பொறியியல் பேராசிரியரான றொபேர்ட் ஹப்பார்டும் 1980களில் செய்தார்கள். போர்முலா வன் 2003இல் கட்டாயமாக்கியது. உங்கள் மச்சானிடம் கேட்பதென்றால் இதைப் புதிதாகக் கேளுங்கள்.

அம்மாவின் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவையில் கார் தடம் விலகி 7 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒரு சிறுமிக்கு 8 வயது. இறந்தவர்கள் பார்வையாளர்களும் போட்டி உதவியாளர்களும். கேஜும் பெல்ட்டும் காருக்குள் இருப்பவனுக்கு மட்டும்தானே. பெயர் கொடுக்குமுன் ஒருநாள் சும்மா போய், சனத்துக்கும் தடத்துக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று பார்த்து வாருங்கள். அம்மாவையும் கூட்டிப் போனால் வளைவின் வெளிப்பக்கம் நிற்க விடாதீர்கள்.