பச்சை விளக்கு எரிகிறது, நேரம் மட்டும் சேரவில்லை

கேள்வி: கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லி அனுப்பும் ஏஐஎஸ் ரேடியோ சிக்னல் இரண்டு இடங்களுக்கு வந்துசேரும் நேர வித்தியாசத்தை அளப்பது எங்கள் கல்லூரி புராஜெக்ட். தேவனாம்பட்டினத்தில் ஒரு எஸ்டிஆர் (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் ரேடியோ) பெட்டி, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நண்பன் வீட்டு மாடியில் இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி ஜிபிஎஸ் கிளாக், லாக் விளக்கும் பச்சையாகத்தான் எரிகிறது. ஆனால் சில நாள் சரியாக ஒரு விநாடி தள்ளி நிற்கிறது, சில நாள் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போகிறது. பெட்டியை மாற்றிவிடலாமா சார்? பி.கு.: ஜிபிஎஸ்ஸே வேண்டாம், இன்டர்நெட் நேரம் போதும் என்கிறான் நண்பன். சரியா?
- மாணவர், கடலூர்

பதில்: பெட்டியை விட்டுவிடுங்கள் தம்பி, அது மேல் தப்பு இருக்கிற மாதிரி தெரியவில்லை. அந்தப் பச்சை விளக்கைத்தான் நீங்கள் ரொம்ப நம்பிவிட்டீர்கள். கேபிளில் வருகிற 10 மெகாஹெர்ட்ஸை பெட்டி பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஜிபிஎஸ் கிளாக் ஒரு செயற்கைக்கோளைக்கூடப் பார்க்காவிட்டாலும் தன் போக்கில் 10 மெகாஹெர்ட்ஸ் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும், விளக்கும் எரியும். அதனால் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களோடு லாக் ஆகியிருக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

அப்படியே லாக் ஆனாலும் 10 மெகாஹெர்ட்ஸ் காலப்பிரமாணம் மாதிரி, வேகம் மட்டும்தான் சொல்லும். எடுப்பு எங்கே என்று சொல்வது விநாடிக்கு ஒரு துடிப்பு தருகிற பிபிஎஸ். அந்தத் துடிப்பும் விநாடி தொடங்குகிறது என்று சொல்லுமே தவிர எந்த விநாடி என்று சொல்லாது. உங்கள் ஒரு விநாடிப் பிழை அங்கேதான் பிறக்கிறது. "அடுத்த துடிப்பில் இந்த நேரத்தை வை" என்று புரோகிராம் சொல்லும்போது துடிப்பு வருகிற நேரமும் ஒட்டிக்கொண்டால், ஒரு பெட்டி இந்தத் துடிப்பைப் பிடிக்கும், மற்றது அடுத்ததைப் பிடிக்கும். ஒரு துடிப்பு கடக்கும்வரை காத்திருந்து உடனே கட்டளை கொடுங்கள், கிட்டத்தட்ட முழு விநாடி அவகாசம் கிடைக்கும். (என்றைக்காவது சரியாக 18 விநாடி தள்ளி நின்றால் பயப்படாதீர்கள். ஒன்று ஜிபிஎஸ் நேரத்திலும் மற்றது யுடிசி என்கிற உலகப் பொது நேரத்திலும் ஓடுகிறது.)

விலகிக்கொண்டே போவது வேறு சங்கதி. சீராக விலகினால், கேபிள் செருகியிருந்தும் புரோகிராமில் வெளிக் கிளாக்கைத் தேர்ந்தெடுக்காமல் பெட்டியின் சொந்தக் கிளாக்கான உள் கிரிஸ்டலிலேயே ஓட்டுகிறீர்கள் என்று சந்தேகப்படுங்கள். 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) பிழை என்றாலும் விநாடிக்கு 10 லட்சம் சாம்பிள், அதாவது சிக்னலின் அளவீடு, எடுக்கும்போது விநாடிக்கு 2 சாம்பிள் நழுவும். திடீர் திடீரென்று குதித்தால் கிளாக்கைத் திட்டாதீர்கள், லேப்டாப் சாம்பிளைக் கோட்டை விடுகிறது. சில எஸ்டிஆர் பெட்டிகளை ஓட்டுகிற யுஎச்டி டிரைவர் என்றால் திரையில் ஆங்கில ஓ எழுத்து விழும். மாறாமல் சில பத்து நானோவிநாடி நின்றால் அது கேபிள் நீளம், மீட்டருக்குச் சுமார் 5 நானோவிநாடி. கழித்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, கடற்கரை வீடு என்கிறீர்களே, ஆன்டெனா கனெக்டரைக் கழற்றிப் பார்த்தீர்களா? என் வீட்டில் இரண்டு நாள் புரோகிராமை வரி வரியாகப் படித்துவிட்டு, கடைசியில் மாடிக்குப் போய்த் திருகினால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு. உப்புக்காற்று சும்மா விடுமா? துடைத்து, நீர் புகாத டேப் சுற்றியதும் ஜிபிஎஸ் லாக் ஆகிவிட்டது.

நண்பர் சொல்வதற்கு அப்புறம் வருகிறேன்.

கேள்வி: தகர ஷீட்டுக்கு அடியில் யுஎஸ்பி எஸ்டிஆர் டாங்கிள் வைத்து வானிலை செயற்கைக்கோள் பிடிக்கிறேன். காலையில் சரியாக வருகிற அலைவரிசை மத்தியானம் நகர்ந்துவிடுகிறது.
- வாசகர், லாஸ்பேட்டை

பதில்: சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் நம்மாலேயே நிற்க முடியாது, 28.8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் மட்டும் எப்படி நிற்கும்? மலிவான டாங்கிளில் 50 பிபிஎம் பிழை அதிசயமில்லை, 137.9 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 6.9 கிலோஹெர்ட்ஸ். டாங்கிளை நிழலுக்குக் கொண்டுவாருங்கள், அரை மணி ஓடவிட்டுச் சூடு நிலைத்த பிறகு திருத்த எண்ணைக் குறியுங்கள். டிசிஎக்ஸ்ஓ (சூட்டுக்கு ஈடுகொடுக்கிற கிரிஸ்டல்) வைத்த டாங்கிள் வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போகும். ஆனால் செயற்கைக்கோள் நெருங்கும்போது 3 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு மேலேயும் விலகும்போது கீழேயும் அலைவரிசை போவது டாப்ளர், செயற்கைக்கோளின் ஓட்டத்தால் வருவது, அதை எந்தக் கிரிஸ்டலும் நிறுத்தாது.

இப்போது கடலூர் தம்பியின் பி.கு.வுக்கு: இன்டர்நெட் நேரம் மில்லிவிநாடிக் கணக்கில் தப்பும். ஒரு மில்லிவிநாடியில் ரேடியோ அலை 300 கிலோமீட்டர் போய்விடும், உங்கள் இரண்டு பெட்டிக்கும் நடுவில் இருப்பதோ இருபத்துச் சொச்சம். எந்த விநாடி என்று தெரிந்துகொள்ள மட்டும் அதை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.