மானுக்கும் தாளுக்கும் ஒரே ஸ்கோப்

கேள்வி: பருவம் திறந்ததும் உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவன் நான். மற்ற மாதங்களில் ரேஞ்சில் 100 முதல் 300 மீட்டர் வரை தாள் குறி சுடுவேன். என்னுடையது .308 ரகத் தோட்டா சுடும் ரைஃபிள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்கோப் (துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்க ஆசை. 6 முதல் 24 மடங்கு வரை பெருக்கும் ஸ்கோப்பை வாங்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். பெரிதாகத் தெரிந்தால் நல்லதுதானே, ஐயா?

பதில்: வேட்டையை மனதில் வைத்து வாங்குங்கள், ரேஞ்சுக்கு அதுவே போதும். தாளில் குறி தப்பினால் சில புள்ளிகள்தான் போகும். மானின் வயிற்றில் பட்டால் அது காயத்தோடு ஓடி, எங்கோ புதருக்குள் நெடுநேரம் துடித்துச் சாகும். துப்பாக்கி பழக்கித் தரும் இத்தனை காலமாக என்னிடம் வருகிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அதனால் ஸ்கோப்பில் 24 என்ற எண்ணை விட 6 என்ற எண்ணை முதலில் பாருங்கள். 3 மடங்கில் 100 மீட்டர் தூரத்தில் சுமார் 11 மீட்டர் அகலம் கண்ணுக்குள் வரும். 6 மடங்கில் அதில் பாதிதான். காட்டில் மான் 30 மீட்டரில் எழுந்து நின்றால், 6 மடங்கில் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை மீட்டர் சொச்சம். ரோமம் தெரியும், தோள் எது தொடை எது என்று பிடிபடுவதற்குள் அது போய்விடும்.

அடுத்தது வெளிச்சம். முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 50 மி.மீ. கண்ணாடியை 24 மடங்கில் வைத்தால் 2 மி.மீ. சொச்சம். 40 மி.மீ. கண்ணாடியை 6 மடங்கில் வைத்தால் ஏறக்குறைய 6.7. அந்தி நேரத்தில் நம் கண்மணி 5 முதல் 7 மி.மீ. வரை விரியும், வயதானால் குறையும். மான் வெளியே வருவதே அந்த நேரத்தில்தானே! கண்ணாடியின் தரத்தைக் கடை விளக்கில் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். பொழுது சாய்ந்தபின் மரநிழலுக்குள் பாருங்கள். நல்ல பூச்சுள்ள கண்ணாடி எது என்று அங்கே தெரிந்துவிடும்.

உங்கள் தேவைக்கு 3–9 அல்லது 2.5–10 மடங்கு, 40 மி.மீ. கண்ணாடி பொருத்தம். 300 மீட்டர் தாளுக்கு 10 மடங்கு தாராளம். 24-இல் கானல் அலையும் உங்கள் நெஞ்சுத் துடிப்பும்தான் பெரிதாகத் தெரியும். குண்டு விழுந்த துளையைப் பார்க்க முக்காலியில் தனித் தொலைநோக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குறிபார்க்கும் குறுக்குக்கோடு இரண்டாம் குவியத் தளத்தில், அதாவது பெருக்கத்தை மாற்றினாலும் கோட்டின் தடிமன் மாறாத வகையில், இருக்கட்டும். முதல் தளத்தில் இருந்தால் குறைந்த பெருக்கத்தில் கோடு மெலிந்து, இருட்டில் காணாமல் போகும். இரண்டாம் தளத்தில் ஒரு குறை உண்டு: கோட்டிலுள்ள அளவுக் குறிகள் ஒரே ஒரு பெருக்கத்தில்தான், பெரும்பாலும் உச்சத்தில்தான், சரியாக இருக்கும். குறியை நகர்த்தும் திருகின் ஒரு படிதான் கிளிக். அதன் அளவு 0.1 மில்லிரேடியனா கால் எம்ஓஏ-வா (இரண்டும் கோண அளவைகள்) என்பது உங்கள் வசதி. முன்னது 100 மீட்டரில் 1 செ.மீ., பின்னது சுமார் 7 மி.மீ. நகர்த்தும். கோடும் திருகும் ஒரே அளவையில் இருக்க வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

.308 உதைக்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 செ.மீ.யாவது இடைவெளி தரும் ஸ்கோப்பாகப் பாருங்கள், இல்லையென்றால் புருவம் கிழியும். வேட்டை உடுப்போடு, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, அப்புறம் கண்ணைத் திறங்கள். படம் முழுதாகத் தெரியும் இடத்தில் ஸ்கோப்பைப் பொருத்துங்கள். இதை உச்சப் பெருக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். பல ஸ்கோப்புகளில் அங்கேதான் இடைவெளி சுருங்கும். படுத்துச் சுடும்போது முகம் இன்னும் முன்னே போகும், அதையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் பேஸுக்கும் (அடித்தட்டு) ரிங்குக்கும் (வளையம்) கஞ்சத்தனம் வேண்டாம். குறி அலைகிறது என்று துப்பாக்கியைக் கொண்டுவருபவர்களில் பலருக்கு, நான் திருகுகளைச் சரியான முறுக்கில் இறுக்கியதுமே பிரச்சினை தீர்ந்திருக்கிறது. பொருத்தியபின் 100 மீட்டரில் ஒரு புள்ளியைக் குறிபார்த்து முதலில் ஒரு குண்டு சுடுங்கள். பிறகு அதே புள்ளியைக் குறிபார்த்தபடி, 20 கிளிக் மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது என்று ஒவ்வொன்றுக்கும் சுடுங்கள். கடைசிக் குண்டு முதல் துளையின் பக்கத்திலேயே விழ வேண்டும். விழவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தயவுசெய்து ஸ்கோப் வழியாக மானைத் தேடாதீர்கள். நீங்கள் பார்க்கும் திசையில்தான் குழலும் நீட்டிக்கொண்டிருக்கும், அங்கே இன்னொரு மனிதர் நடந்து வரலாம். கழுத்தில் பைனாகுலர் மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் நல்ல வேட்டை ஸ்கோப் மாட்டினேன். சில வாரங்களிலேயே குறி அலைகிறது, 10 மீட்டரில் படமும் மங்கல். ஏன்?

பதில்: ஸ்பிரிங் துப்பாக்கி பின்னுக்கும் முன்னுக்கும் அடுத்தடுத்து உதைக்கும். பின்னுதையை மட்டும் தாங்கச் செய்த ஸ்கோப்பின் உள்பாகங்கள் அதில் தளர்ந்துவிடும். மங்கலுக்குக் காரணம், வேட்டை ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 மீட்டரை ஒட்டிய தூரத்துக்குப் பேரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்ந்து தெரியும் பிழை) சரிசெய்யப்பட்டவை. ஏர் ரைஃபிளுக்கென்றே செய்த, 10 மீட்டர் தூரத்துக்கும் பேரலாக்ஸைச் சரிசெய்துகொள்ள முடிகிற ஸ்கோப்பை வாங்குங்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் வாங்கவே வேண்டாம், சர்வதேச விதிப்படி அங்கே ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. மாட்டும்போது ரிங்கில் தடுப்பு முளை உள்ளதா என்று பாருங்கள், அது இல்லாவிட்டால் ஸ்கோப் சுடச் சுடப் பின்னால் நகர்ந்துகொண்டே வரும்.