இரவில் பாதம் எரிவதும் சர்க்கரை ஏறுவதும்

பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துவரும் உங்கள் தந்தைக்கு இரவில் பாதம் எரிந்து தூக்கம் கெடுகிறது, மறுநாள் சர்க்கரையும் ஏறுகிறது, இதில் எது எதற்குக் காரணம் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் ஒன்றையொன்று தூண்டுகின்றன. உயர்ந்த சர்க்கரை நரம்புகளையும் அவற்றுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களையும் சிதைக்கும்போது, மிக நீளமான நரம்புகள் சென்று முடியும் கால்விரல்களில்தான் எரிச்சல் பெரும்பாலும் முதலில் தொடங்கும். வலியாலும் தூக்கமின்மையாலும் கார்ட்டிசால் போன்ற மன அழுத்தச் சுரப்புகள் மிகுந்து சர்க்கரையை மேலும் உயர்த்தக்கூடும்.

ஆனால் முழுப் பழியையும் சர்க்கரைமேல் போட்டுவிடாதீர்கள். மெட்ஃபார்மினை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அக்குறைவும் இதே எரிச்சலைத் தரும் என்பதால், மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்டு அதற்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கவும் கேளுங்கள். அதுவரை வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது.