புதுச் சமையலை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. திண்டுக்கல்லில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (ரத்தத்தில் சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரி) 6.1 என்று வந்தது. "இன்னும் சர்க்கரை நோய் வரலை. மூணு மாசம் சாப்பாட்டைச் சரிபண்ணிட்டு வாங்க" என்று சொன்ன டாக்டர், மாத்திரை எதுவும் தரவில்லை. இதற்கிடையில் குரூப் 4 தேர்வுக்கும் படிக்கிறேன். சிறுதானியம் நல்லது என்றார்களே என்று வரகு, சாமை, குதிரைவாலி, கம்பு எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கி வந்து, யூடியூப் பார்த்து தினம் ஒரு புது அயிட்டம் செய்தேன். சாமை உப்புமா குழைந்து களியாகிவிட்டது. வரகு இட்லி கல். பையன் தட்டைத் தள்ளிவிடுகிறான். "இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா இந்தச் சோதனை" என்கிறார் மாமியார். ராத்திரி வீடியோ பார்ப்பதிலேயே படிக்கிற நேரம் போய்விடுகிறது. இப்போது பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிட்டேன். எனக்கு மட்டும் தனியாகச் சமைத்துக்கொள்வதா, இல்லை வேறு வழி இருக்கிறதா?

பதில்: தனியாகச் சமைக்க வேண்டாம். இரண்டு அடுப்புச் சமையல் எந்த வீட்டிலும் ஒரு மாதம் தாண்டி நான் பார்த்ததில்லை. அலுவலகம் போகிற, தேர்வுக்கும் படிக்கிற பெண்ணுக்கு அது நடக்கிற காரியமும் இல்லை.

உங்கள் சர்க்கரையைக் குறைக்கப்போவது புதுப் பதார்த்தம் இல்லை; கை பழகிய, யோசிக்காமல் செய்ய வருகிற நாலைந்து பதார்த்தங்கள்தான். புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பது அந்த நாலைந்தில் ஒன்றைக் கூட்டுவதற்கான வழி. நீங்கள் அதையே தினசரிச் சமையலாக்கிவிட்டீர்கள். காலை 7 மணிக்கு, பஸ்ஸுக்கு நேரமாகிற வேளையில், முதல் முறையாக வரகைத் தொட்டால் யாருக்குமே சரியாக வராது. சமையல் பரிசோதனை ஞாயிற்றுக்கிழமை மட்டும். தேறிய பதார்த்தத்தை அடுத்த வாரம் இரண்டு நாள் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் எல்லாரும் சாப்பிட்டால் அது வீட்டுச் சமையலில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். இப்படி மாதத்துக்கு இரண்டு கூடினாலே போதும்.

இன்னொரு விஷயம். நீங்கள் ஒரே நாளில் தானியத்தை மாற்றினீர்கள், செய்முறையையும் மாற்றினீர்கள், அளவையும் வீடியோவில் வருபவர் சொன்னபடி மாற்றினீர்கள். எங்கே கெட்டது என்று எப்படித் தெரியும்? உங்கள் கைக்கு நன்றாக வருகிற பதார்த்தத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். வீடியோவில் 'ஒரு கப்' என்றால் சிலருக்கு 200 மில்லி, சிலருக்கு 240. உங்கள் வீட்டு டம்ளர் வேறாக இருக்கும். அரிசிக்கும் தண்ணீருக்கும் ஒரே டம்ளர் என்று வைத்துக்கொண்டு, எத்தனை டம்ளர் தண்ணீர், எத்தனை விசில், யார் என்ன சொன்னார்கள் என்று காலண்டரிலேயே கிறுக்கி வையுங்கள். அடுத்த முறை வீடியோ தேவைப்படாது. படிக்கிற நேரம் அங்கேதான் மிச்சமாகும்.

இனி உங்கள் உப்புமா. ரவைக்கு ஊற்றுகிற கணக்கில், ஒன்றுக்கு மூன்று என்று ஊற்றியிருப்பீர்கள். சாமைக்கு அது அதிகம். சாமையை நாலு தண்ணீர் கழுவி, கல் இருந்தால் அரித்து, அரை மணி நேரம் ஊறவைத்து வடித்துவிடுங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். குக்கர் என்றால் மிதமான தீயில் இரண்டு விசில். ஆவி தானாக அடங்கியதும் உடனே திறந்து, அகலமான தட்டில் கொட்டி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, கரண்டிக் காம்பால் கிளறி ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். மூடியே வைத்தால் உள்ளிருக்கும் சூட்டில் கட்டிதட்டிப் போகும். பாதிப் பேருக்குக் கெடுவது இந்த இடத்தில்தான். மதியத்துக்கு டப்பாவில் கட்டுவதாக இருந்தால் மட்டும் தண்ணீரை இரண்டரை டம்ளராக்குங்கள். சிறுதானியச் சோறு ஆற ஆற விறைத்துப்போகும்.

இட்லிக்கு வருவோம். அரிசியே இல்லாமல் முழுக்க வரகில் போட்டீர்கள் என்று நினைக்கிறேன். நாலு பங்கு இட்லி அரிசியில் ஒரு பங்கை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாமையைப் போடுங்கள். உளுந்தைக் குறைக்காதீர்கள். மாவு பொங்கும்போது உண்டாகும் காற்றைப் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்புதான். அது குறைந்தால் எந்தத் தானியம் போட்டாலும் இட்லி கல்தான். இரண்டு வாரம் கழித்து இரண்டு பங்காக்குங்கள். சிறுதானியம் சேர்ந்த மாவு சீக்கிரம் புளிக்கும், வெயில் காலத்தில் காலையில் ஒரு கண் வையுங்கள்.

ஆனால் இட்லியில் சாமையோ வரகோ போட்டதால் சர்க்கரை இறங்கிவிடும் என்று நம்பாதீர்கள். 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம். சாமையிலும் வரகிலும் 65 கிராமை ஒட்டி. பெரிய வித்தியாசம் இல்லை. நார்ச்சத்து இரண்டு மடங்குக்கு மேல் என்பது உண்மையான லாபம். அதுவும் நைசாக அரைத்துவிட்டால் பலன் குறைகிறது. கேழ்வரகையும் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். என்னைக் கேட்டால், ஆறு சாமை இட்லியைவிட மூன்று அரிசி இட்லி, கிண்ணம் நிறைய காய் போட்ட சாம்பார், கொஞ்சம் சுண்டல் எவ்வளவோ மேல். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம் என்று இருக்கிறது. நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழ்.

அதனால் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் சொல்வது அடை. ஒரு டம்ளர் சாமை, ஒரு டம்ளர் பருப்பு (கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் சமமாக, ஒரு கைப்பிடி உளுந்து), காய்ந்த மிளகாய், சோம்பு, பெருங்காயம். மூன்று மணி நேரம் ஊறினால் போதும். கொரகொரப்பாக அரைத்து, முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் அள்ளிப் போட்டு வார்க்க வேண்டியதுதான். புளிக்கவைக்கிற தொல்லை இல்லை, குழைகிற பயமும் இல்லை. பாதிக்குப் பாதி பருப்பாக இருப்பதால் வயிறும் தாங்கும். அதற்கடுத்து புளிச்சோறு அல்லது எலுமிச்சைச் சோறு, பாதி அரிசி பாதி சாமை. புளிக்காய்ச்சலின் காரத்தில் சாமையின் வாசனை அடிபட்டுப்போகும்.

எதைச் செய்தாலும் முதல் தடவை அரை டம்ளர்தான் போட வேண்டும்; அடைக்கும் மேலே சொன்னதில் பாதிதான். கெட்டால் எப்படி மீட்பது என்பதையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். குழைந்த சாமையில் வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, மிளகு சீரகம் தாளித்துக் கொட்டினால் பொங்கல். எழும்பாத இட்லி மாவு குழிப்பணியாரத்துக்குப் போகும். மீட்க வழியில்லாத செய்முறையை, தேர்வு முடிகிறவரை பக்கத்தில் விடாதீர்கள். ஓவன், சாஸ், கடைத்தெருவில் கிடைக்காத சாமான் கேட்கிற எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

மாமியாரிடமும் பையனிடமும் "இது உடம்புக்கு நல்லது" என்று அறிவிக்காதீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டதுமே நாக்கு முறைத்துக்கொள்ளும். அடை என்று சொல்லி, வெல்லமும் வெண்ணெயும் பக்கத்தில் வைத்துப் பையனுக்குக் கொடுங்கள் (உங்கள் தட்டில் வேண்டாம்). மாமியாரிடம் யோசனை கேளுங்கள். திண்டுக்கல் பக்கம் அந்தத் தலைமுறைக்குச் சோளச்சோறும் கம்பங்கூழும் புதிதில்லை. பக்குவம் அவருக்கு உங்கள் வீடியோக்காரரைவிட நன்றாகத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். அவருக்கு மாத்திரை போடுகிற சர்க்கரை நோய் இருந்தால், சோற்றின் அளவைத் திடீரென்று குறைக்கும்முன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சில மாத்திரைகளுக்கு அது சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும்.

வாங்கியதை வீணாக்க வேண்டாம். சாமை, வரகு, குதிரைவாலி மூன்றும் காற்றுப் புகாத டப்பாவில் இருக்கட்டும். கம்பை மாவாக்கியிருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள், கம்பில் கொழுப்பு அதிகம் என்பதால் மாவு சீக்கிரம் கசந்துபோகும். தைராய்டு குறை இருந்தால் கம்பைத் தினசரி உணவாக வைத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை வாங்கும்போது பளிச்சென்று வெள்ளையாக இருப்பதைத் தவிர்த்து, சற்று மங்கலாக இருப்பதை அரை கிலோ வாங்குங்கள். வெள்ளையானது பெரும்பாலும் அதிகமாகத் தீட்டியது. நார்ச்சத்து தவிட்டோடு போயிருக்கும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு வேலை செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கமான இட்லி சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை பாருங்கள். அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்கு அடையோடு அதேபோல. எது உங்களுக்குக் குறைவாக ஏற்றுகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். தினமும் குத்திப் பார்க்க வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. ராத்திரி சாப்பிட்டதும் புத்தகத்தோடு உட்காராமல் கால் மணி நேரம் மொட்டை மாடியில் நடந்துவிட்டு உட்காருங்கள், அதுவும் கணக்கில் சேரும்.

5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.1 அதன் நடுவில் இருக்கிறது, மீள முடிகிற இடம்தான். ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி என்பதால், மூன்று மாதத்துக்கு முன்னால் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். எடுக்கும்போது ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அப்படி இருந்தால் முதலில் அதற்கு மருந்து எடுக்க வேண்டிவரும். டாக்டரிடம் இரண்டு ரிப்போர்ட்டையும் காட்டுங்கள்.