நைட்ரஜன் மாசு வடக்குக் காடுகளில் கார்பன் சேமிப்பைக் கூட்டுமா, குறைக்குமா?

"நைட்ரஜன் உரம்தானே? புகையில் வரும் நைட்ரஜனால் மரம் நன்றாக வளர்ந்து கூடுதல் கார்பனைப் பிடித்து வைக்காதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிடித்து வைக்கத்தான் செய்யும். ஆனால் எந்த வழியில் என்று தெரிந்த பிறகு என்னால் அதில் சந்தோஷப்பட முடியவில்லை.

ஸ்வீடனில் உமேயோ பக்கம் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே ஊசியிலைக் காட்டில் மண்டியிட்டுப் பாசி மெத்தையை விலக்கினால், அடியில் கறுப்பாக, ஈரமாக, பாதி மக்கிய ஊசியிலைகள். அவற்றுக்குள் தையல் நூல் மாதிரி வெள்ளைப் பூஞ்சை இழைகள். குளிரில் எதுவும் சீக்கிரம் மக்காது. அதனால் அந்த மண்ணில் எப்போதும் நைட்ரஜன் பஞ்சம். மரம் தன் சர்க்கரையில் ஒரு பங்கை வேர்ப்பூஞ்சைக்குக் கொடுத்துத்தான் நைட்ரஜனை வாங்கிக்கொள்கிறது.

வண்டிப் புகை, உரம் போட்ட வயல், மாட்டுப் பண்ணை என்று கிளம்பும் நைட்ரஜன் மழையோடு இறங்கும்போது இந்தக் கொடுக்கல் வாங்கல் தளர்ந்துவிடுகிறது. சும்மா கிடைக்கும்போது மரம் ஏன் விலை கொடுக்கப் போகிறது? பூஞ்சைக்குப் போகும் சர்க்கரை குறைகிறது. மரத்துக்கு உறுதி தரும், எளிதில் மக்காத பொருளான லிக்னினைச் சிதைக்கும் பூஞ்சைகளும் மந்தமாகின்றன. உதிர்ந்தது மக்காமல் தேங்குகிறது. மண்ணில் கார்பன் ஏறுகிறது. எனக்கு இது காட்டுக்கு வந்த அஜீரணமாகத்தான் தெரிகிறது.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸின் ஹார்வர்ட் காட்டில் 1988இல் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். சில பகுதிகளுக்கு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 50 கிலோ நைட்ரஜன், சிலவற்றுக்கு 150 கிலோ. 150 என்றால் நம் யூரியாக் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் மூன்று மூட்டை. ஓக் போன்ற அகன்ற இலை மரங்கள் நன்றாகப் பருத்தன. செம்பைன் என்ற ஊசியிலை மரத் தோப்பிலோ அதே 150 கிலோவில் மரங்கள் நிறையச் செத்துப்போயின. மண் கார்பன் இரண்டு தோப்பிலும் கூடியது. இரண்டிலும் பூஞ்சை குறைந்தது.

மழையில் நிஜமாக இறங்குவது இதைவிட மிகக் குறைவு, வட ஸ்வீடனில் சில கிலோதான். அங்கே விண்டெல்ன் அருகே 1996 முதல் 12.5 கிலோ, 50 கிலோ என்று போட்டுப் பார்த்தார்கள். ஒரு கிலோ நைட்ரஜனுக்கு மேல்மண்ணில் கூடுதலாகச் சேர்ந்தது சுமார் 10 கிலோ கார்பன். நல்ல லாபம் மாதிரி இருக்கும். அப்புறம் இன்னொரு பக்கமும் இருக்கிறது: இந்த நைட்ரஜனை அனுப்பிய அதே வயல்களிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடும் கிளம்புகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு சூடேற்றும். அதைக் கழிக்காமல் காட்டின் லாபத்தை மட்டும் எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை.