பிளீச் முதல் பற்பசை வரை: ஹாலஜன் குடும்பத்துப் பொருள்களை வாங்கும்போது

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே தனிமக் குடும்பத்தைச் சுற்றியே இருக்கின்றன: புளோரின், குளோரின், புரோமின், அயோடின். தனிம அட்டவணையின் 17ஆம் தொகுதியில் இருக்கும் ஹாலஜன்கள். தனித் தனிமமாக இருக்கும்போது நான்குமே கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் எரிக்கக்கூடியவை. ஆனால் கடையில் நாம் வாங்குவது அநேகமாக அவற்றின் சேர்மங்களைத்தான். எந்தச் சேர்மம், எவ்வளவு, எதோடு சேர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஆபத்து.

கேள்வி: குளியலறையில் பிளீச் ஊற்றித் தேய்த்தும் கறை போகவில்லை. அதன் மேலேயே ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரை ஊற்றினேன். கண் எரிந்து மூச்சு முட்டியதில் வெளியே ஓடி வந்துவிட்டேன். பிளீச் கலப்படமாக இருக்குமோ? நல்லதாக எதை வாங்கலாம்?

பதில்: கலப்படம் இல்லை. ஓடி வந்தீர்களே, அதுதான் உங்களைக் காப்பாற்றியது. பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதில் அமிலம் பட்டதும் குளோரின் வாயு வெளியேறும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் படைவீரர்கள் மேல் திறந்துவிடப்பட்டதும் இதே வாயுதான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது என்பதால் தரையை ஒட்டியே தேங்கும். சின்ன அறை, மூடிய கதவு, குனிந்து தேய்க்கும் ஆள் என்று எல்லாம் ஒன்றுசேரும் இடம் குளியலறை.

நீங்கள் வாங்கிய இரண்டுமே நல்ல பொருள்களாக இருக்கலாம். தனித்தனியாக, வேறு வேறு நாளில் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான். வினிகர், எலுமிச்சைச் சாறு போன்ற மெல்லிய அமிலங்களையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரோடு சேர்ந்தால் குளோரமின் வாயு வரும். அதுவும் நுரையீரலைத் தாக்கும். ஸ்பிரிட்டோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் என்ற நச்சுப் பொருள் உண்டாகலாம். பிளீச்சோடு சேர்க்கத் தகுந்த ஒரே பொருள் தண்ணீர், அதுவும் குளிர்ந்த தண்ணீர்.

யாருக்காவது இப்படி நடந்துவிட்டால் உடனே அறையைவிட்டு வெளியேறி நல்ல காற்றுக்கு வர வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம் என்று திரும்பவும் உள்ளே போகவே கூடாது. கண் எரிந்தால் ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: நிறைய சுவாசித்திருந்தால் நுரையீரலில் நீர் கோர்ப்பது சில மணி நேரம் கழித்தும் நடக்கலாம். 'இப்போது சரியாகிவிட்டது' என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சிரைப்பு எது இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் காத்திருக்கவே வேண்டாம்.

வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். வெயிலிலும் சூட்டிலும் ஹைப்போகுளோரைட்டின் வீரியம் குறைந்துகொண்டே போகும். பழைய பாட்டில் வேலை செய்யாதபோதுதான் பலரும் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றைக் கலக்கிறார்கள். அப்புறம், குடிநீர் பாட்டிலில் மாற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

கேள்வி: துருக்கறை நீக்கும் திரவம் ஒன்று வாங்கினேன். ஆசிட்தானே, கையில் பட்டால் கழுவிக்கொள்ளலாம் என்கிறார் விற்பவர். சரியா?

பதில்: முதலில் லேபிளைப் படியுங்கள். 'ஹைட்ரோபுளோரிக் அமிலம்' அல்லது 'அம்மோனியம் பைபுளோரைடு' என்று இருந்தால் அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன். மற்ற அமிலங்கள் பட்டவுடனே சுடும், கையை எடுத்துவிடுவோம். செறிவு குறைந்த ஹைட்ரோபுளோரிக் அமிலம் அப்படி எச்சரிக்காது. வலி பல மணி நேரம் கழித்துத்தான் தொடங்கலாம். அதற்குள் புளோரைடு அயனி தோலைக் கடந்து உள்ளே இறங்கி, உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் கால்சியம் தாழ்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். உயிர் போன சம்பவங்களும் உண்டு.

தோலில் பட்டுவிட்டால் அந்தத் துணியைக் கழற்றிவிட்டு உடனே நிறைய தண்ணீரில் கழுவி, வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். பாட்டிலையோ அதன் படத்தையோ காட்டுங்கள். கால்சியம் குளூக்கோனேட் களிம்பு போடுவார்கள். எந்த அமிலம் என்று தெரிந்தால்தான் அந்தச் சிகிச்சை சீக்கிரம் தொடங்கும். துருவுக்கு சிட்ரிக் அமிலம் அல்லது ஆக்சாலிக் அமிலம் கொண்ட திரவங்களும் கிடைக்கின்றன. அவற்றுக்கும் கையுறை வேண்டும், ஆனால் இந்த அளவு ஆபத்து இல்லை. லேபிளே இல்லாமல் வருவதை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: 'பிஎஃப்ஓஏ இல்லாதது' என்று எழுதிய நான்ஸ்டிக் பாத்திரம் முற்றிலும் பாதுகாப்பானதா?

பதில்: அந்த வாசகம் சொல்வது கொஞ்சம்தான். பிஎஃப்ஓஏ என்பது நான்ஸ்டிக் பூச்சுத் தயாரிப்பில் முன்பு பயன்பட்ட ஒரு புளோரின் சேர்மம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023இல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் 2019இலேயே சேர்த்துவிட்டார்கள். ஆகவே அது இல்லாதது நல்லதுதான். ஆனால் பூச்சு பெரும்பாலும் பிடிஎஃப்இ, அதாவது டெஃப்லான். அதுவும் புளோரின் சேர்மமே. புளோரினே வேண்டாம் என்றால் இரும்பு, எவர்சில்வர் பாத்திரங்களைத் தேடுங்கள்.

பிடிஎஃப்இ சாதாரணச் சமையல் சூட்டில் அமைதியாக இருக்கும். 260 டிகிரி செல்சியசைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். இன்னும் சூடேறினால் நச்சுப் புகை. அதைச் சுவாசித்தவர்களுக்கு ஃப்ளூ போல காய்ச்சலும் நடுக்கமும் வரும். அநேகமாக ஓரிரு நாளில் தணிந்துவிடும். கூண்டுப் பறவைகளோ செத்தே போகும். காலிப் பாத்திரத்தைப் பெரிய தீயில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். உதிர்ந்த துணுக்கு வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும், அதற்காகப் பதற வேண்டாம். பூச்சு நிறைய உரிந்த பாத்திரத்தை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கதிர்வீச்சிலிருந்து காக்கும் என்று அயோடின் மாத்திரை விளம்பரம் வருகிறது. வாங்கி தினமும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் சுமார் 150 மைக்ரோகிராம். அந்த மாத்திரைகளில் 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு வரை இருக்கும். அதிலுள்ள அயோடின் நம் தேவையைப் போல பல நூறு மடங்கு. அணு விபத்தின்போது கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்க, அதிகாரிகள் சொல்லும் நேரத்தில் மட்டும் எடுக்க வேண்டியது அது. மற்ற கதிரியக்கப் பொருள்களை அது தடுக்காது. சும்மா சாப்பிட்டால் தைராய்டு சுரப்பு ஏறும் அல்லது இறங்கும். அயோடின் சேர்த்த உப்பு வேறு விஷயம். அதைத் தயங்காமல் வாங்குங்கள்.

கேள்வி: புளோரைடு விஷமாமே, குழந்தைக்கு புளோரைடு இல்லாத பற்பசைதான் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவிலான புளோரைடு பல் சொத்தையைக் குறைக்கிறது. குழந்தை விழுங்கும் அளவுதான் கவனிக்க வேண்டியது: மூன்று வயதுக்குள் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு போதும். பற்பசை டியூபைக் குழந்தை கையில் கொடுத்துவிடாதீர்கள்.

குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. நிலத்தடி நீரில் அது கூடுதலாக இருக்கும் பகுதியில் வசித்தால் முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பல ஆண்டுகள் அந்த நீரையே குடித்தால் பல்லில் கறையும், பிறகு எலும்பிலும் மூட்டிலும் வலியும் இறுக்கமும் வரும். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற செறிவு கூடத்தான் செய்யும். ஆர்ஓ வடிகட்டி குறைக்கும்.

கேள்வி: ஹாலஜன் விளக்கிலும் இந்த வாயுக்கள்தானா? உடைந்தால் ஆபத்தா?

பதில்: உள்ளே இருக்கும் அயோடின் அல்லது புரோமின் மிக மிகக் கொஞ்சம். அதைவிட கவனிக்க வேண்டியது சூடு. எரியும்போது கையைச் சுட்டுவிடும், திரைச்சீலை பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கும். உடைந்தால் ஆறியபின் கண்ணாடித் துண்டுகளைக் கவனமாகப் பெருக்கி எடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், போதும்.