பொறியியல் கவுன்சலிங்: சாய்ஸ் பட்டியலை எந்த வரிசையில் போடுவது?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 84 எடுத்திருக்கிறாள். பி.சி. பிரிவு. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவளாகத்தான் இருப்பாள். கிடைக்காத கல்லூரியை மேலே போட்டால் கிடைக்கக்கூடியதும் போய்விடும் என்கிறார் ஒருவர். இடம் கிடைத்த பிறகு பட்டியலில் அதற்கு மேலே உள்ளதற்கு முயலும் அப்வர்டு கேட்கவே கூடாது என்கிறார் இன்னொருவர். எத்தனை சாய்ஸ், எந்த வரிசையில் போடுவது?
— திண்டுக்கல் வாசகர்

பதில்: முதலில் கணக்கைச் சரிபார்த்துவிடுவோம். கணிதம் அப்படியே 92. இயற்பியலில் பாதி 44, வேதியியலில் பாதி 42. ஆக 200க்கு 178. ஆனால் இனி நீங்கள் பார்க்க வேண்டியது இந்த எண்ணை அல்ல, ரேங்க் பட்டியலில் வரும் பொது ரேங்க்கையும் பி.சி. ரேங்க்கையும். ஒரு வருடம் கணிதத் தாள் சுலபமாக வந்தால் 178க்கு மேல் கூட்டம் கூடிவிடும், கடினமாக வந்தால் குறைந்துவிடும். போன வருடம் 178க்குக் கிடைத்த இடம் இந்த வருடமும் கிடைக்கும் என்று எண்ணி ஏமாறுபவர்கள் நிறைய. ஆகவே ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பாடப்பிரிவும் பி.சி.யில் எந்த ரேங்க்கோடு முடிந்தது என்று எடுத்து ஒப்பிடுங்கள். அதையும் கல்லில் எழுதியதாக நினைக்க வேண்டாம். தகுதியுள்ள கல்லூரிகளில் ஒரு பாடப்பிரிவுக்கு இருந்த இட உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. 2024-25 முதல் எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் இடங்கள் கூடின, அதனால் பழைய கடைசி ரேங்க்குகளும் நகர்ந்துவிட்டன.

இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். மேலே போட்டால் கீழே உள்ளது போய்விடும் என்பது தவறு. மென்பொருள் ரேங்க் வரிசையில் ஒவ்வொரு மாணவராக எடுக்கும். உங்கள் மகளின் முறை வரும்போது அவள் பட்டியலை 1ஆம் சாய்ஸிலிருந்து கீழ்நோக்கிப் படிக்கும். அந்த இடத்தில் ஓ.சி. என்ற பொதுப் பிரிவிலோ பி.சி.யிலோ காலி இருந்தால் கொடுத்துவிட்டு நின்றுவிடும், இல்லையென்றால் அடுத்த வரிக்குப் போகும். முதல் 22 சாய்ஸிலும் காலி இல்லாமல் 23ஆவதில் இருந்தால், அதையே 1ஆவதாகப் போட்டிருந்தாலும் கிடைத்திருப்பது அதே இடம்தான். ஆபத்து இதற்கு நேர் எதிரான செயலில் இருக்கிறது. "இது உறுதியாகக் கிடைக்கும்" என்று சாதாரணக் கல்லூரி ஒன்றை மேலே வைத்தால் அது கிடைத்துவிடும். அதற்குக் கீழே இருக்கும் நல்ல கல்லூரியில் காலி இருந்தாலும் மென்பொருள் எட்டிப் பார்க்காது.

எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. போன வருடக் கடைசி ரேங்க் உங்கள் ரேங்க்கைவிடச் சற்று முன்னால் முடிந்தவை 20, ஏறக்குறைய ஒட்டி முடிந்தவை 30, நிச்சயம் தாண்டி முடிந்தவை 20 என்று 70 வரை போட்டால் போதும். பத்துப் பதினைந்தோடு நிறுத்துபவர்கள்தான் முதல் சுற்றில் ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றில் மிச்சம் மீதிக்குக் காத்திருக்க நேர்கிறது. அதற்காகச் சேரவே மாட்டோம் என்ற கல்லூரியை எண்ணிக்கை கூட்டப் போடாதீர்கள்.

பாடப்பிரிவா கல்லூரியா என்று கேட்டால், பழைய, ஆசிரியர்கள் நிலையாக இருக்கிற கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸோ எலெக்ட்ரிகலோ படிப்பது, பெயர் தெரியாத கல்லூரியில் ஏ.ஐ. படிப்பதைவிட மேல் என்பது எங்கள் கருத்து. அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் அவற்றை இந்த அளவுகோலில் அளக்க முடியாது. தேசிய அங்கீகார வாரியம் தரும் என்.பி.ஏ. அங்கீகாரம் பாடப்பிரிவுக்குத் தரப்படுவது, கல்லூரி முழுவதற்கும் அல்ல. விளம்பரப் பலகையில் அந்த வித்தியாசம் தெரியாது. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் பாடப்பிரிவின் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ். என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, அதே வளாகமானாலும் கட்டணம் பல மடங்கு.

பட்டியலைப் பதியும்போது பெயரை நம்பாமல் கோடு எண்ணைப் பாருங்கள். கோவையில் ஜி.சி.டி. 2005, பி.எஸ்.ஜி. டெக் 2006, சி.ஐ.டி. 2007. ஒரு இலக்கம் மாறினால் கல்லூரியே மாறிவிடும். பிரவுசிங் சென்டரில் யாரோ போட்டுக் கொடுத்த பட்டியலை ஒரு முறைகூடப் படிக்காமல் விடும் குடும்பங்களும் இருக்கின்றன. பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் மகளே வைத்திருக்கட்டும். "நாங்களே ஃபில் பண்ணித் தருகிறோம்" என்று போன் செய்யும் ஏஜென்டுகள் முதலில் கேட்பது அதைத்தான்.

இடம் ஒதுக்கீடு வந்ததும் உறுதிசெய்யக் கிடைப்பது குறுகிய அவகாசம்தான். பதில் தராமல் விட்டால் கையில் வந்த இடமும் போய்விடும். ஏற்றுக்கொண்டு சேர்கிறேன் என்றால் குறித்த நாட்களுக்குள் கல்லூரிக்குப் போய்க் கட்டணம் கட்ட வேண்டும். ஏற்றுக்கொண்டு அப்வர்டும் வேண்டும் என்றால் டி.எஃப்.சி. உதவி மையத்தில் பணம் கட்டி இடத்தைப் பிடித்து வைக்க வேண்டும். எனவே பணம் ரெடியாக இருக்கட்டும். வேண்டாம், ஆனால் அப்வர்டு மட்டும் வேண்டும் என்பதும் ஒரு வழி. மேலே ஒன்றும் கிடைக்காவிட்டால் கையில் எதுவும் மிஞ்சாது, ஆகவே அதைத் தொட வேண்டாம்.

அப்வர்டு பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஐ.ஐ.டி., மருத்துவம் என்று போகிறவர்கள் விடும் இடங்களும் அதில் வருகின்றன. 23ஆவது கிடைத்தால் 1 முதல் 22 வரை மட்டுமே பார்ப்பார்கள். ஆனால் அவற்றில் ஒன்று வந்துவிட்டால் 23ஆவது வேறொருவருக்குப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. 9ஆவது இடத்தில் யாரோ சொன்னார்கள் என்று விருப்பமில்லாத ஒரு பிரிவைப் போட்டிருந்தால் மகள் அங்கே இழுக்கப்படுவாள். பட்டியல் பூட்டிய பிறகு வரிசையை மாற்றவும் வழியில்லை. அதனால் பூட்டுவதற்கு முன், அடுத்தடுத்த இரண்டு வரிகளை எடுத்து "இரண்டும் கிடைத்தால் எதில் சேருவாய்?" என்று அவளிடமே கேளுங்கள். மேலிருந்து கீழ்வரை 70 வரிக்கும் கேளுங்கள், ஒரு மணி நேரம்தான் ஆகும்.

முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையை விண்ணப்பத்திலேயே குறித்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். சான்றிதழை இ-சேவை மையத்தில் வாங்கலாம். வீட்டில் ஒருவருக்குத்தான் அந்தச் சலுகை, தம்பி தங்கைக்கு மறுபடி கிடைக்காது. கடைசி நாள் மாலைவரை இழுக்காமல் முந்தின நாளே பட்டியலைச் சேமித்து, பிரின்ட் எடுத்து, கோடு எண்களை அதில் ஒருமுறை டிக் செய்துவிடுங்கள். நேரம் முடிந்தால் கடைசியாகச் சேமித்தது எதுவோ அது தானாகவே பூட்டிக்கொள்ளும்.